சொல்லாமல் கதவைத் திறந்தவர்: பி.வி. நரசிம்ம ராவ்

புதுதில்லி: இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இன்று 60 ஆயிரம் கோடி டாலரைக் கடந்து நிற்கிறது. 1991-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அது 100 கோடி டாலரைச் சற்றே தாண்டியிருந்தது. இரண்டு வார இறக்குமதிக்கு மட்டுமே அந்தத் தொகை போதும். அந்த ஜூன் 21-ம் தேதி பிரதமராகப் பொறுப்பேற்ற பாமுலபர்த்தி வேங்கட நரசிம்ம ராவ், ஐந்தே வாரங்களில் நாட்டின் பொருளாதாரப் பாதையைத் திருப்பினார். ஆனால் அப்படித் திருப்பியதாக அவர் ஒருபோதும் உரத்துச் சொல்லவில்லை. அவர் மறைந்து 20-வது ஆண்டில், 2024-ல், பாரத ரத்னா விருது அவரது குடும்பத்தாரிடம் அளிக்கப்பட்டது. பெரும் மாற்றத்தைச் செய்தவர் ஏன் அதை மறைத்தே செய்தார் என்ற கேள்விக்கு அவரது நீண்ட அரசியல் வாழ்க்கையில்தான் விடை இருக்கிறது.

நிஜாம் மண்ணில்: 1921-ம் ஆண்டு ஜூன் 28-ம் தேதி, நிஜாம் ஆட்சியில் இருந்த ஹைதராபாத் சமஸ்தானத்தின் வாரங்கல் பகுதியில் உள்ள லக்னேபள்ளியில் பிறந்தார் ராவ். கரீம்நகர் பகுதியின் வங்கரா கிராமத்தில் நில உடைமைக் குடும்பம் ஒன்று அவரைத் தத்து எடுத்து வளர்த்தது. நிஜாம் அரசின் தடையை மீறி வந்தே மாதரம் பாடிய மாணவர்களில் ஒருவராகக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் மராத்தி மண்ணுக்குச் சென்று படிப்பைத் தொடர்ந்து, சட்டப் பட்டமும் பெற்றார். சமஸ்தானத்தை இந்தியாவுடன் இணைக்கும் போராட்டத்தில் பங்கேற்றார்.

தெலுங்கு, மராத்தி, ஹிந்தி, உருது, சம்ஸ்கிருதம், ஆங்கிலம் எனப் பல மொழிகளில் அவருக்குப் புலமை இருந்தது. விஸ்வநாத சத்யநாராயணாவின் வேயிபடகலு என்ற தெலுங்குப் பெருநாவலை ஹிந்தியில் மொழிபெயர்த்தவர் அவர்தான். மேடைப் பேச்சில் கூட்டத்தைக் கவரும் ஆற்றலோ, தனக்கென ஒரு தொண்டர் படையோ அவரிடம் இருந்ததில்லை. படிப்பும் பொறுமையுமே அவரது முதலீடு.

நிலம் கற்பித்த பாடம்: 1957-ல் மந்தனி தொகுதியிலிருந்து ஆந்திர சட்டப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ராவ், இருபது ஆண்டுகள் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். 1962 முதல் சட்டம், அறநிலையம், கல்வி முதலிய துறைகளின் அமைச்சரானார். 1971 செப்டம்பரில் இந்திரா காந்தி அவரை முதல்வராக்கினார். தனக்கென ஆதரவுக் கோஷ்டி இல்லாதவர் என்பதே அந்தத் தேர்வுக்கு முக்கியக் காரணம்.

முதல்வரான ராவ் நில உச்சவரம்புச் சட்டத்தில் உண்மையான அக்கறை காட்டினார். ஆந்திர காங்கிரஸில் செல்வாக்கு செலுத்திய பெரு நிலக்கிழார்களுக்கு அது பிடிக்கவில்லை. இந்நிலையில், தெலங்கானா மக்களுக்கு அரசு வேலைகளில் முன்னுரிமை தரும் முல்கி விதிகள் செல்லும் என்று 1972 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராவ் அதை வரவேற்றதும் கடலோர ஆந்திரத்தில் ஜெய் ஆந்திரா கிளர்ச்சி வெடித்தது. நிலச் சீர்திருத்தத்தின் மீதிருந்த கோபமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. 1973 ஜனவரியில் அவர் பதவி விலகினார். மாநிலம் குடியரசுத் தலைவர் ஆட்சியின் கீழ் வந்தது.

சொத்து உள்ளவனின் நலனில் வெளிப்படையாகக் கை வைத்தால், கட்சியே தன் முதல்வரைக் கைவிடும். இந்தப் பாடத்தை ராவ் பதவியை விலையாகக் கொடுத்துக் கற்றார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து தில்லியில் அவர் மேற்கொண்ட அணுகுமுறையில் இதன் தடம் தெளிவாகத் தெரியும்.

தில்லி ஆண்டுகள்: 1977-ல் ஹனம்கொண்டாவிலிருந்து மக்களவைக்கு வந்த ராவ், 1980-க்குப் பிறகு வெளியுறவு, உள்துறை, பாதுகாப்பு, மனித வள மேம்பாடு என முக்கியத் துறைகள் பலவற்றை வகித்தார். நவோதயா பள்ளிகள் அவர் கல்விப் பொறுப்பில் இருந்தபோது தொடங்கப்பட்டவை. 1984-ல் இந்திரா காந்தி கொல்லப்பட்டதை அடுத்து தில்லியில் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டபோது உள்துறை அமைச்சராக இருந்தவரும் அவரே. அந்த நாள்களில் அவர் செயலற்று இருந்தார் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை அவரைப் பின்தொடர்கிறது.

இந்த ஆண்டுகளில் எந்தக் கட்டத்திலும் அவர் தனியார்மயத்துக்கோ அந்நிய மூலதனத்துக்கோ குரல் கொடுத்தவர் அல்லர். அரசே தொழிலின் உயரங்களை ஆள வேண்டும் என்ற கொள்கையின் கீழ் வளர்ந்த தலைமுறை அவருடையது. 1991 தேர்தலில் அவர் போட்டியிடவே இல்லை. இதய நோயால் பாதிக்கப்பட்டு, தில்லி வாழ்க்கையை முடித்துக்கொண்டு ஹைதராபாத் திரும்ப ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். குற்றாலத்தில் உள்ள சித்தேஸ்வரி பீடத்தின் பொறுப்பை ஏற்க அவருக்கு அழைப்பு வந்திருந்ததாகவும் அவரது வாழ்க்கை வரலாற்றில் பதிவு உள்ளது.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பின்: 1991 மே 21-ம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். தலைமையை இழந்த காங்கிரஸ், யாருக்கும் அச்சம் தராத மூத்தவர் என்ற கணக்கில் ராவைக் கட்சித் தலைவராக்கியது. தேர்தலில் காங்கிரஸ் தனிப்பெரும் கட்சியாக வந்தாலும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சரத் பவாரின் போட்டியைக் கடந்து ராவ் பிரதமரானார். எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த அவரை இடைக்கால ஏற்பாடு என்றே பலரும் கருதினர்.

கஜானா காலியாக இருந்தது. 1980-களில் அரசின் செலவும் வெளிநாட்டுக் கடனும் வரம்பின்றி வளர்ந்திருந்தன. 1990 ஆகஸ்டில் இராக், குவைத்தை ஆக்கிரமித்ததும் கச்சா எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவில் இருந்த இந்தியர்கள் அனுப்பும் பணம் குறைந்தது. வெளிநாடு வாழ் இந்தியர்கள் தங்கள் வைப்புத் தொகையைத் திரும்ப எடுக்கத் தொடங்கினர். காங்கிரஸ் ஆதரவில் நடந்த சந்திரசேகர் அரசால் முழு பட்ஜெட்டைக்கூடத் தாக்கல் செய்ய முடியவில்லை. 1991 மே மாதத்திலேயே 20 டன் தங்கத்தை ஸ்விட்சர்லாந்து வங்கியிடம் விற்று அந்த அரசு நாள்களைக் கடத்தியது.

ஐந்து வாரங்கள்: நிதி அமைச்சர் பொறுப்பை ஏற்க ஐ.ஜி. படேல் மறுத்த பின், அரசியல் பின்புலம் இல்லாத மன்மோகன் சிங்கை ராவ் தேர்ந்தெடுத்தார். ஜூலை 1-ம் தேதி ரூபாயின் மதிப்பு சுமார் 9 சதவீதம் குறைக்கப்பட்டது. எழுந்த எதிர்ப்பைக் கண்டு கலங்கிய ராவ், இரண்டாவது கட்டத்தை நிறுத்திவைக்க விரும்பினார். ஆனால் ஜூலை 3-ம் தேதி காலை, மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் சி. ரங்கராஜனைத் தொலைபேசியில் அழைப்பதற்குள் மேலும் சுமார் 11 சதவீதக் குறைப்பு அறிவிக்கப்பட்டுவிட்டது. மறுநாளே வர்த்தக அமைச்சர் ப. சிதம்பரம் ஏற்றுமதி மானியத்தை ஒழித்துப் புதிய வர்த்தகக் கொள்கையை வெளியிட்டார். அதே மாதத்தில் சுமார் 47 டன் தங்கம் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைக்கப்பட்டு, ஏறத்தாழ 40 கோடி டாலர் திரட்டப்பட்டது. வீட்டு நகையை அடகு வைப்பதைக் கடைசிப் புகலிடமாகக் கருதும் நாட்டில் அந்தச் செய்தி ஏற்படுத்திய அவமானம் பெரிது. அந்த அவமானமே மாற்றத்துக்கான எதிர்ப்பைத் தளர்த்தியது.

ஜூலை 24-ம் தேதி இரண்டு ஆவணங்கள் மக்களவைக்கு வந்தன. பட்ஜெட் உலகின் கவனத்தைப் பெற்றது. அதற்குச் சில மணி நேரம் முன்பு, தொழில் துறை இணை அமைச்சர் பி.ஜே. குரியன் ஆரவாரமின்றித் தாக்கல் செய்த தொழிற்கொள்கை அறிக்கையே அடித்தளத்தை மாற்றியது. தொழில் துறையை ராவ் தன் பொறுப்பிலேயே வைத்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த அறிக்கையின்படி, 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பெரிய நிறுவனங்கள் விரிவடைய ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் முன் அனுமதி வேண்டியதில்லை. பொதுத் துறைக்கென ஒதுக்கப்பட்ட தொழில்கள் 17-லிருந்து 8 ஆகச் சுருங்கின. 1973-ம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பெரும்பாலான அந்நிய நிறுவனங்களுக்கு 40 சதவீதப் பங்கு என வரம்பு கட்டியிருந்தது. அந்தக் கெடுபிடியால் கோகோ கோலாவும் ஐ.பி.எம்.மும் 1970-களின் பிற்பகுதியில் வெளியேறின. புதிய கொள்கை, 34 முன்னுரிமைத் துறைகளில் 51 சதவீதம் வரையிலான அந்நியப் பங்குக்குத் தானாகவே ஒப்புதல் கிடைக்க வழி செய்தது. வெளியேறிய இரு நிறுவனங்களும் ராவ் ஆட்சி முடிவதற்குள் திரும்பி வந்தன.

இந்த வரைவு முதலில் அமைச்சரவைக்கு வந்தபோது மூத்த அமைச்சர்கள் சிலர் அதை ஏற்க மறுத்தனர். ராவ் வாதிடவில்லை, கொள்கையின் சாரத்தை மாற்றவும் இல்லை. நேரு, இந்திரா காந்தி, ராஜீவ் காந்தி ஆகியோரின் பாதைக்கு இது தொடர்ச்சி என்று விளக்கும் முன்னுரை ஒன்று சேர்க்கப்பட்டது. எதிர்ப்பு அடங்கியது. நேரு காலத் தொழில் அமைப்பைக் கலைத்த ஆவணம் நேருவின் பெயரைச் சொல்லித் தொடங்கியது இப்படித்தான்.

கதவு திறந்த விதம்: அந்நிய முதலீட்டு மேம்பாட்டு வாரியம் பிரதமர் அலுவலகத்தின் கீழேயே அமைக்கப்பட்டது. முதன்மைச் செயலர் ஏ.என். வர்மா அதற்குத் தலைமை வகித்தார். பெரிய முதலீட்டுத் திட்டங்கள் அமைச்சகம் அமைச்சகமாக அலைய வேண்டிய நிலை குறைந்தது. 1992-ல் அந்நிய நிதி நிறுவனங்கள் இந்தியப் பங்குச் சந்தையில் முதலீடு செய்ய அனுமதிக்கப்பட்டன. செபி அமைப்பு சட்ட அதிகாரம் பெற்றது. 1994-ல் நடப்புக் கணக்கில் ரூபாயை மாற்றும் உரிமை வந்தது. விமானப் போக்குவரத்தும் தொலைத்தொடர்பும் தனியாருக்குத் திறக்கப்பட்டன.

முதலீட்டைத் தேடி ராவ் கிழக்கு நோக்கியும் பயணித்தார். 1993 செப்டம்பரில் தென் கொரியா சென்றார். 1994-ல் சிங்கப்பூரில் இந்தியாவின் கிழக்கு நோக்கிய கொள்கையை விளக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் கொரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இந்தியாவுக்கு வந்தன. 1991-92-ல் சுமார் 13 கோடி டாலராக இருந்த நேரடி அந்நிய முதலீடு, 1995-96-ல் 200 கோடி டாலரைத் தாண்டியது. 1991-92-ல் ஒரு சதவீதத்தை ஒட்டிக் கிடந்த வளர்ச்சி விகிதம், 1994-95 தொடங்கி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 6 சதவீதத்துக்கு மேல் நின்றது.

நாலாபுறமும் எதிர்ப்பு: சர்வதேச நிதியத்திடம் நாட்டை அடமானம் வைத்துவிட்டார் என்று இடதுசாரிகள் சாடினர். சுதேசி பேசியோர் அந்நிய நிறுவனங்களின் வருகையைக் கண்டித்தனர். டங்கல் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் திரண்டனர். பம்பாய் கிளப் எனப்பட்ட தொழிலதிபர்கள், உள்நாட்டுத் தொழிலுக்குச் சமமான களம் வேண்டும் என்று 1993-ல் கோரினர். 1992-ல் வெளிவந்த ஹர்ஷத் மேத்தா பங்கு ஊழல், கண்காணிப்பு இல்லாத சந்தை எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்டியது. மகாராஷ்டிரத்தின் தபோல் மின் திட்டத்தில் என்ரான் நிறுவனத்துக்குத் தரப்பட்ட சலுகைகள், முதலீட்டை ஈர்க்கும் அவசரத்தில் அரசு எதை விட்டுக்கொடுக்கிறது என்ற நியாயமான கேள்வியை எழுப்பின. 1995-ல் புதிய மாநில அரசு அத்திட்டத்தை ரத்து செய்து, மறுபடி பேசி ஏற்றது. 2001-ல் அந்த மின் நிலையம் உற்பத்தியை நிறுத்தியது.

இத்தனை எதிர்ப்புக்கும் இடையே சிறுபான்மை அரசு ஐந்து ஆண்டுகள் நீடித்ததற்கு, எதிர்க்கட்சிகள் தங்களுக்குள் ஒன்றுசேர முடியாததும் ஒரு காரணம். பாஜகவும் இடதுசாரிகளும் சேர்ந்து வாக்களித்தால் மட்டுமே அரசு கவிழும். அந்தக் கணக்கை ராவ் நன்கு அறிந்திருந்தார். எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார். 1991 பட்ஜெட்டில் உர விலை 40 சதவீதம் உயர்த்தப்பட்டு, கட்சி எம்.பி.க்களே கொதித்தெழுந்தபோது, உயர்வு 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறு, குறு விவசாயிகளுக்கு அதிலிருந்தும் விலக்கு கிடைத்தது. தொழிலாளர் சட்டங்களை அவர் தொடவில்லை. பொதுத் துறை நிறுவனங்களின் சிறு பங்குகளை விற்றாரே தவிர, உடைமையைக் கைமாற்றவில்லை. 1993-ல் கிராமப்புற வேலை உறுதித் திட்டமும், 1995-ல் தேசிய அளவிலான மதிய உணவுத் திட்டமும் அவர் ஆட்சியில் தொடங்கப்பட்டன.

அழியாக் கறைகள்: 1992 டிசம்பர் 6-ம் தேதி அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. உத்தரப் பிரதேச அரசு அளித்த உறுதிமொழியை நம்பியிருந்த மத்திய அரசு, இடிப்பைத் தடுக்கவில்லை. தொடர்ந்த கலவரங்களில் ஏராளமானோர் உயிரிழந்தனர். பொருளாதாரத்தில் காலம் பார்த்துக் காய் நகர்த்திய அதே காத்திருப்பு, அயோத்தியில் பெரும் தோல்வியாக முடிந்தது. 1993 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 265-க்கு 251 என்ற வாக்குகளில் அரசு முறியடித்தது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்களுக்குப் பணம் கொடுத்து வாக்கு பெறப்பட்டதாக வழக்கு எழுந்தது. 2000-ல் சிறப்பு நீதிமன்றம் ராவைக் குற்றவாளி என்றது. 2002-ல் தில்லி உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

தமிழகத்தில் முறிந்த கணக்கு: 1996 தேர்தலில் அதிமுகவுடன் கூட்டணி என்று ராவ் எடுத்த முடிவு தமிழக காங்கிரஸைப் பிளந்தது. ஜி.கே. மூப்பனார் தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார். சிதம்பரம் அவருடன் சென்றார். திமுக, தமாகா, இந்திய கம்யூனிஸ்ட் அணி மாநிலத்தின் 39 தொகுதிகளையும் கைப்பற்றியது. நாடு முழுவதும் காங்கிரஸ் 140 இடங்களுக்குச் சுருங்கியது. சீர்திருத்தத்தைச் சொல்லி வாக்கு கேட்கும் துணிவு கட்சிக்கு இல்லை. சீர்திருத்தத்துக்காக வாக்களிக்க மக்களிடமும் காரணம் இல்லை.

ஆனால் கொள்கை தோற்கவில்லை. இடதுசாரிகள் ஆதரவுடன் அமைந்த ஐக்கிய முன்னணி அரசில் அதே சிதம்பரம் நிதி அமைச்சராகி, அதே பாதையில் நடந்தார். வாஜ்பாய் அரசு 1999-ல் காப்பீட்டுத் துறையைத் திறந்தது. மன்மோகன் சிங் அரசு 2012-ல் சில்லறை வர்த்தகத்தைத் திறந்தது. மோடி அரசு 2021-ல் காப்பீட்டில் அந்நியப் பங்கு வரம்பை 74 சதவீதமாக்கியது. எதிர்த்தவர்களும் ஆட்சிக்கு வந்ததும் பின்பற்றிய கொள்கையாக அது மாறியது.

அதன் பலனைத் தமிழகம் நன்கு கண்டது. ராவ் பதவி இழந்த அதே 1996 மே மாதத்தில்தான் ஹூண்டாய் தன் இந்திய நிறுவனத்தைப் பதிவு செய்தது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து அதன் கார்கள் வெளிவந்தன. மறைமலை நகரில் ஆலை அமைத்த ஃபோர்டு நிறுவனமோ 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மாநிலங்கள் போட்டி போட்டு அழைக்கும் மூலதனம், கணக்கு ஒத்துவராதபோது வந்த வழியே திரும்பும் என்பதையும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் அறிந்தன.

மூடிய கதவு: பதவி போன பின் வழக்குகளே ராவின் அன்றாடம் ஆயின. காங்கிரஸ் தலைமை கைவிட்டுப் போனது. 1998 தேர்தலில் போட்டியிட வாய்ப்பும் தரப்படவில்லை. தன் அரசியல் அனுபவங்களை நாவல் வடிவில் எழுதி அந்த ஆண்டே வெளியிட்டார். 2004 டிசம்பர் 23-ம் தேதி தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் காலமானார். மறுநாள் அக்பர் சாலையில் அப்போது இருந்த காங்கிரஸ் தலைமையகத்தின் வாயிலில் அவரது உடலைச் சுமந்த வாகனம் நின்றது. உள்ளே கொண்டு செல்லப்படவில்லை. அப்போது பிரதமராக இருந்தவர், அவர் அரசியலுக்கு அழைத்து வந்த மன்மோகன் சிங். இறுதிச் சடங்கு ஹைதராபாதில் ஹுசேன் சாகர் கரையில் நடந்தது. தில்லியில் நினைவிடம் அமைய 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ராவின் வழிமுறையை வெற்றி என்று மட்டும் எழுதிவிட முடியாது. கேட்காமல் செய்யக்கூடியவை, கேட்டே செய்ய வேண்டியவை என்ற எல்லையை அவர் அறிந்திருந்தார். லைசென்ஸை ஒழித்தபோது இழப்பு அதிகாரிகளுக்கும் சலுகை பெற்ற சில தொழில் குடும்பங்களுக்கும்தான். அதை ஒரு முன்னுரையால் மூட முடிந்தது. கோடிக்கணக்கானோரின் பிழைப்பு தொடர்புடைய விவசாயத்தையும் தொழிலாளர் உரிமையையும் அவர் சீண்டவில்லை. 1973-ல் நிலம் அவரைப் பதவியிலிருந்து இறக்கியிருந்தது.

அந்த எல்லையை மறந்தால் என்ன நேரும் என்பதை அவருக்குப் பின் வந்தவர்கள் கண்டனர். 2020-ல் விரிவான ஆலோசனையின்றி நாடாளுமன்றத்தில் நிறைவேறிய மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து, தில்லியின் எல்லையில் விவசாயிகள் ஓராண்டுக்கும் மேலாக அமர்ந்தனர். மக்களவையில் தனிப் பெரும்பான்மை கொண்ட அரசு 2021 நவம்பரில் அவற்றைத் திரும்பப் பெற்றது. பெரும்பான்மையே இல்லாத ராவ் நிறைவேற்றியவை நிலைத்திருக்கின்றன. அவர் தொடாமல் விட்டவற்றில் கை வைக்க விரும்பும் எந்த அரசும், அவர் தவிர்த்த ஒரு வேலையை முதலில் செய்தாக வேண்டும்: மக்களிடம் சென்று, யாருக்கு எவ்வளவு இழப்பு, அதை யார் ஈடு செய்வது என்பதை வெளிப்படையாகச் சொல்வது.